அவிழ்க்க மறந்த நாடா

"ஒண்ணும் சாப்பிடல்லியே?"

"இல்ல."

"வெள்ளம் தவிர வேற ஒண்ணும் குடிக்கல்லியே?"

"இல்ல... ஒரு கட்டன் மட்டும்."

ஊசியின் உறையைப் பிரிக்கப் போன விரல்கள் பாதியில் நின்றன. வெள்ளைக் கோட்டு போட்டவன் நிமிர்ந்து பார்த்தான்.

"கட்டன் குடிச்சிட்டா ஒண்ணும் குடிக்கல்லன்னு சொல்லுதிய?"

"அதில பால் கெடையாது."

"சீனி?"

லிஜா ஜன்னலைப் பார்த்தாள். பெருங்கடவிளைச் சந்தைக்கு எதிரே, உரக்கடையின் மேல்மாடியில் இருந்தது அந்த ரத்தம் எடுக்கும் அறை. தகரக் கூரைமேல் மழை பயறு கொட்டுவதுபோலக் கொட்டிக்கொண்டிருந்தது. அவள் ஊரில் கட்டன் சாயாவை யாரும் ஆகாரக் கணக்கில் சேர்த்ததே இல்லை. பெரிய வெள்ளிக்கு உபவாசம் இருப்பவர்கள்கூட ஒரு கட்டனைக் குடித்துவிட்டுத்தான் சபைக்குப் போவார்கள். கர்த்தரே கண்டுகொள்ளாத விஷயம்... இவனுக்கு என்ன?

"சீனி போட்டதுதான்," என்றாள் அம்மா ரத்னபாய், பெஞ்சிலிருந்து. "கூட ரெண்டு ரஸ்க்கும் தின்னா மோனே. வெறும் வயித்தில கட்டன் போனா பித்தம் ஏறும்லா... நான்தான் குடுத்தேன்."

"அம்மா!"

அவன் சிரிக்கவில்லை. சிரிப்பை உதட்டுக்குள் மடித்து வைத்துக்கொண்டான். அதுதான் லிஜாவுக்கு இன்னும் கோபத்தைக் கிளப்பியது.

"இது எலும்புக்கு உள்ள டெஸ்ட். ரஸ்க்குக்கு உள்ளது இல்ல. நாளைக்கு காலத்தே வெறும் வயித்தில வாருங்க சேச்சி."

"சேச்சியா? ஆருக்கு சேச்சி? சீட்டில வயசு எழுதியிருக்கு, பாருங்க. இருபத்தெட்டு. ஒங்களுக்கு எத்தன?"

"முப்பது."

"பின்ன?"

"செரி... நாளைக்கு வா தங்கச்சி."

"தங்கச்சியும் வேண்டாம்!"

சொன்ன பிறகுதான் தன் குரல் எவ்வளவு வேகமாக வந்துவிட்டது என்று அவளுக்குத் தெரிந்தது. அவன் புருவம் மெல்ல உயர்ந்தது. அம்மா பையில் எதையோ தேடுகிற பாவனையில் குனிந்துகொண்டாள்.

"பின்ன எப்பிடி விளிக்க?"

"பேரு உண்டுல்லா. லிஜா."

"லிஜா..." என்று ஒருமுறை சொல்லிப் பார்த்தான், நாக்கில் வைத்துச் சுவை பார்ப்பதுபோல. "நான் ஜித்தின். நாளைக்கு கட்டன் குடிக்காண்டாம், லிஜா."

படியிறங்கும்போது அவள் காது சுட்டது. கோபம்தான் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள்.

லிஜா எதற்கும் எளிதில் பயப்படுகிறவள் அல்ல. பாறசாலைக்குப் போகும் வழியில் சபை மைதானத்தில் பெண்களுக்கு ஸ்கூட்டர் படிப்பிப்பதுதான் அவள் வேலை. வீட்டுக்காரனும் மகனும் படிப்பிக்கப் பொறுமையில்லாமல் கைவிட்ட பெண்கள் எல்லோரும் அவளிடம் வருவார்கள். பின்னால் ஓடி, கத்தி, கெஞ்சி, சிரித்து, ஒருவழியாக ரோட்டுக்கு ஏற்றிவிடுவாள். போன மாதம் ஷீஜா அக்கா பிரேக்குக்குப் பதில் ஆக்ஸிலேட்டரை முறுக்கிச் சாய்ந்தபோது, வண்டியைத் தாங்கப் போய் லிஜாவும் சாய்ந்தாள். சின்ன விழுகைதான். ஷீஜா அக்கா எழுந்து சுடிதாரைத் தட்டிவிட்டுச் சிரித்தாள். லிஜாவின் இடது மணிக்கட்டு முறிந்திருந்தது.

டாக்டர் அம்மா எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பிறகு சொன்னார். "போன வருஷம் கால்விரல். இப்ப கை. இந்த விழுகைக்கு, இந்த வயசில எலும்பு ஒடியக் கூடாது. ரத்தத்தில கால்சியம், வைட்டமின் எல்லாம் பார்த்திடலாம். அதுவரைக்கும் வண்டியத் தொடாதே."

ரத்னபாயின் முகம் வெளிறியது. தாயும் மகளும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளவில்லை. பார்த்துக்கொண்டால் அம்மாவின் அக்கா தங்கபாய் பெரியம்மையின் பெயரைச் சொல்லவேண்டி வரும்.

பெரியம்மைக்கும் முதலில் ஒரு மணிக்கட்டுதான் முறிந்தது. அப்புறம் இடுப்பு... அதுவும் விழுந்து அல்ல, முக்காலியில் கொஞ்சம் வேகமாக உட்கார்ந்து. பிறகு கட்டில். எலும்பு பொடியுத தீனம் என்று ஊரில் சொன்னார்கள். அந்த நோய்க்கு என்ன பெயர் என்று கேட்டு எந்த ஆஸ்பத்திரிக்கும் யாரும் அவளைக் கொண்டுபோகவில்லை. கடைசி நாட்களில் போர்வையைப் போர்த்தினாலே வலிக்கிறது என்று அழுவாள். சிறுமியாக இருந்த லிஜா வாசலில் நின்று பார்த்திருக்கிறாள். உள்ளே போய் ஒருதரம்கூடத் தொட்டதில்லை. தொட்டால் உடைந்துவிடுவாளோ என்று பயம்.

*

மறுநாள் காலையும் மழை. அறையில் வேறு ஒருவரும் இல்லை. அம்மா வெளிப்பெஞ்சில், கண்ணை மூடி, உதட்டுக்குள் ஜெபம்.

"இண்ணைக்கு?" என்றான் ஜித்தின்.

"வெள்ளம்கூடக் குடிக்கல்ல. போதுமா?"

"வெள்ளம் குடிச்சிருக்கலாமே. அப்பம்தானே நரம்பு தெளியும்."

"இத நேத்தே சொல்லப்பிடாதா?"

"நேத்து ரஸ்க்கு கேட்டதில மறந்துபோச்சு."

இடது கை கட்டுக்குள் இருந்தது. வலது கையை நீட்டினாள். அவன் முழங்கைக்கு மேலே நீல ரப்பர் நாடாவை இறுக்கிக் கட்டினான். விரலால் தட்டினான். தடவினான். நரம்பு எங்கேயோ ஒளிந்துகொண்டிருந்தது.

"கைய மடக்கி நீட்டுங்க... இன்னொரு தடவ... ம். இது எப்பிடி முறிஞ்சுது?"

சொன்னாள். ஷீஜா அக்கா சாய்ந்ததை, சாயும்போதும் ஹாரனை மட்டும் விடாமல் அமுக்கியதை, விழுந்தபிறகு எழுந்து வண்டியிடம் "மன்னிச்சிரு மக்கா" என்றதை. அவன் சிரித்தான். நேற்று மடித்து வைத்திருந்த சிரிப்பு முழுவதும் இன்று விரிந்து வந்தது.

"அப்பம் நீங்க டீச்சர் ஆக்கும். டீச்சருக்கா ஊசிக்கு இத்தற பேடி? பயத்தில கை ஐஸ் மாதிரி இருக்கு."

"ஊசிக்கு இல்ல."

"பின்ன?"

ஏன் சொன்னாள் என்று அவளுக்கே தெரியவில்லை. வீட்டில் அம்மாவிடம்கூடச் சொல்லாததை, மஸ்கட்டிலிருந்து அப்பா கேட்டபோதும் மறைத்ததை, முன்பின் தெரியாத இவனிடம் சொன்னாள். பெரியம்மையை. அந்தக் கட்டிலை. அந்தப் போர்வையை.

"எனக்கும் அது வந்தா... நான் வண்டி ஓட்டமாட்டேன். அவ்வளவுதானேன்னு தோணும். ஆனா ஓட்டாம நான் என்ன செய்வேன்னு எனக்குத் தெரியல்ல."

கண் நிறைந்துவிட்டது. துடைக்க ஒரு கை கட்டுக்குள், மறு கை அவனிடம்.

ஜித்தின் ஆறுதல் எதுவும் சொல்லவில்லை. எல்லாம் சரியாகிவிடும் என்று சொல்லவில்லை. பார்த்துக்கொண்டிருந்தான்... அவ்வளவுதான். ஊசி ஒரு கையில் அப்படியே நின்றது. மழை வெளிச்சத்தில் அவன் கண்கள் நனைந்த ரப்பர்க்காய்போலப் பழுப்பாக, பளபளப்பாக இருந்தன. இதுவரை அவளைப் பார்த்தவர்கள் எல்லோரும் அவள் எலும்பையோ மாவுக்கட்டையோ காகிதத்தையோதான் பார்த்தார்கள். இவன் பயத்தைப் பார்த்தான். பார்த்துவிட்டு விலகாமல் நின்றான்.

கூரையில் மழை ஒரே சுருதியில் பெய்தது.

அவள் விரல்நுனிகளில் எறும்பு ஊர்ந்தது. பிறகு உள்ளங்கை குளிர்ந்தது. பிறகு கையே யாரோ ஒருத்தியின் கையாயிற்று. நாடாவை அவிழ்க்கவில்லையே, சொல்லவேண்டும்... என்று அவளுக்குத் தோன்றியது. தெளிவாகவே தோன்றியது.

சொல்லவில்லை. சொன்னால் அவன் கீழே கையைப் பார்ப்பான். அவன் கண் அவளைவிட்டுப் போய்விடும்.

"மோனே, குத்தியாச்சா?" என்று அம்மா வெளியிலிருந்து கேட்டாள்.

ஜித்தின் திடுக்கிட்டான். அதன் பிறகு எல்லாம் வேகமாக நடந்தது. பஞ்சு. குளிர்ந்த ஸ்பிரிட். சுருக்கென்று ஒரு குத்து. குப்பியில் கறுப்பாக ஏறிய ரத்தம்.

"கை மரத்துப்போச்சு," என்றாள் லிஜா, எல்லாம் முடிந்தபிறகு, மெதுவாக.

அவன் நாடாவைக் கையில் சுருட்டியபடி நின்றான். ஏதோ சொல்ல வாயெடுத்தான். அடுத்த ஆள் படியேறி வந்துவிட்டார்.

*

ரிப்போர்ட் போனில் வந்தது. வைட்டமின் வரி இன்னும் வரவில்லை; மற்ற வரிகள் எல்லாம் சாதாரண எழுத்தில் இருந்தன. கால்சியம் மட்டும் தடித்த கறுப்பில்... எல்லைக்கு மேலே.

டாக்டர் அம்மா நிதானமாகத்தான் சொன்னார். "எலும்பில இருக்கவேண்டிய கால்சியம் ரத்தத்தில இறங்கினாலும் இப்பிடிக் காட்டும். கழுத்தில ஒரு சின்ன சுரப்பி இருக்கு, அதில கோளாறு வந்தாலும் காட்டும். வேற காரணமும் இருக்கலாம். அடுத்த வாரம் திரும்ப எடுத்துப் பார்ப்போம். இப்பவே பயப்பட வேண்டாம்."

"வேற காரணம்னா என்ன டாக்டர்?"

"பார்ப்போம்."

அந்த ஒரு வார்த்தையை வைத்துக்கொண்டு அம்மாவும் மகளும் தங்கள் ஊர் ஆரியங்கோட்டுக்குத் திரும்பினார்கள். வீட்டுக்கு வந்ததும் அம்மா தரையில் கிடந்த மிதியடிகளை எல்லாம் எடுத்து மூலையில் போட்டாள், லிஜா தடுக்கிவிடக்கூடாது என்று. குளிமுறியில் வழுக்காமலிருக்கப் பழைய சாக்கை விரித்தாள். லிஜா உட்காரும் கசேரையில் தலையணை வைத்தாள். பெரியம்மையின் வீட்டிலும் இப்படித்தான் தலையணைகள் பெருகின.

அவள் போனில் தேடினாள். தேடக்கூடாது என்று தெரிந்தே தேடினாள். எல்லா வழியும் ஒரே இருட்டில் போய் முடிந்தது. மைதானத்திலிருந்து ஷீஜா அக்கா கூப்பிட்டாள். "எப்பம் வாறே மக்கா? நீ இல்லாம நான் எட்டு போடமாட்டேன்." லிஜா போனை அணைத்து அலமாரியில் வைத்தாள்.

உட்காரும்போது மெல்ல உட்கார்ந்தாள். படியில் இறங்கும்போது சுவரைப் பிடித்தாள். தனக்குள்ளே ஏதோ மாவாக உதிர்வதுபோல இருந்தது. காது கொடுத்துக் கேட்டால் கேட்கும்போல...

அந்தப் பயத்தின் நடுவிலும், எங்கிருந்தோ, பழுப்பாய் இரண்டு கண்கள் வந்து நின்றன. "போ" என்றாள் அவற்றிடம். போகவில்லை.

*

இரண்டு நாள் கழித்து காலையில் கேட்டருகே குடை தெரிந்தது. குடை இருந்தும் ஜித்தின் தொப்பலாக நனைந்திருந்தான். ரப்பர்த் தோட்டம் வழியாக பஸ் ஸ்டாப்பிலிருந்து நடந்து வந்த செம்மண் முழங்கால்வரை.

"அய்யோ, லேப்பில உள்ள பையன்லா!" என்றாள் அம்மா. "ஏறி வா மோனே. என்ன மக்கா இந்த மழையில?"

ஜித்தின் நடையிலேயே நின்றான். லிஜா முன்கதவுக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். அவள் நெஞ்சு படபடத்தது. அந்தப் படபடப்பில் பயம் மட்டும் இல்லை என்பதும் தெரிந்தது. அதனாலேயே தன்மேல் கோபம் வந்தது.

"போன் விளிச்சேன், சுவிட்ச் ஆஃப். சீட்டில உள்ள அட்ரஸ் பாத்து வந்தேன்," என்றான். "ரிப்போர்ட்டப் பாத்தேன் அம்மா. அது செரியில்ல. கால்சியம் மட்டுமில்ல, புரதமும் எல்லை வரைக்கும் ஏறியிருக்கு. நாடாவ ரொம்ப நேரம் இறுக்கிக் கெட்டி வச்சா அப்பிடி வரும். கைய மடக்கி நீட்டச் சொல்லிட்டே வேற இருந்தேன். ரத்தம் அங்ஙனயே தேங்கி, கட்டியாயி, இல்லாத கூடுதல் காட்டும். தப்பு என்னுது."

அம்மாவுக்குப் பாதி புரியவில்லை. "அப்பம்... எனக்க பிள்ளைக்கு தீனம் இல்லியா?"

"இருக்கா இல்லியான்னு அந்த ரத்தம் சொல்லாது. திரும்ப எடுக்கணும். சாமானம் கொண்டு வந்திருக்கேன். இப்பமே எடுத்து நான் நேரா கொண்டு போறேன்."

லிஜா வெளியே வந்தாள்.

"ரெண்டு நாளா இந்த வீட்டில ஆரும் சோறு தின்னல்ல. தெரியுமா?"

அவன் தலை குனிந்தான்.

"எங்க அம்மை ராத்திரியெல்லாம் முட்டுக்குத்தி நிண்ணு ஜெபம். நான் நடக்கதுக்கே பேடிச்சு நடக்கேன். ஒரு ரப்பர் நாடா... அத அவுக்க மறந்தியளா?"

"மறந்துட்டேன்."

"எதுக்கு மறந்திய?"

அவன் அவளைப் பார்த்தான், அம்மாவைப் பார்த்தான், செருப்பின் மண்ணைப் பார்த்தான்.

"கூட்டம்... கூட்டமா இருந்து."

"அண்ணைக்கு ஒரு ஆளும் இல்லியே மோனே," என்றாள் அம்மா வெள்ளை மனதோடு.

லிஜாவுக்குத் தெரியும், அவன் எதற்காக மறந்தான் என்று. அவள் ஏன் நினைவிருந்தும் வாய் திறக்கவில்லை என்பதும் தெரியும். பாதித் தப்பு தன்னிடம் இருக்கும்போதுதான் மனிதருக்குக் குரல் இத்தனை உயரும்போல.

"நாடா அவுக்கத் தெரியாத ஆளுக்கு எதுக்கு வெள்ளைக் கோட்டு? ஒங்க கையில இனி ஒரு சொட்டு ரத்தம் தரமாட்டேன். போங்க."

"லிஜா..."

"சேச்சின்னே விளிச்சாப் போதும்."

அவன் முகத்தில் அந்த வார்த்தை போய்ப் பட்டது தெரிந்தது. பையைத் தோளில் மாட்டிக்கொண்டான். "வேற எங்கயாவது எடுங்க. ஆனா எடுக்கணும். பிந்தப்பிடாது," என்றான். குடையை விரிக்காமலே இறங்கிப் போனான். ரப்பர் மரங்களுக்கு நடுவே வெள்ளைச் சட்டை கொஞ்ச தூரம் தெரிந்தது... பிறகு மழை மட்டும் தெரிந்தது.

"பாவம் அந்தப் பிள்ள," என்றாள் அம்மா. "தப்ப ஏத்துட்டு இம்புடு தூரம் நடந்து வந்தானே. ஒரு கட்டன்கூட நாம குடுக்கல்ல."

*

நெய்யாற்றின்கரையில் வேறொரு லேப். கண்ணாடிக் கதவு, எண் சீட்டு, முகம் பார்க்காத பெண். நாடாவைக் கட்டினாள், குத்தினாள், ரத்தம் தெரிந்ததுமே நாடாவை உருவி எறிந்தாள். ஒரு மூச்சுக்குள் முடிந்துவிட்டது. லிஜா தன் கையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். இவ்வளவுதானா நேரம்? அன்று... அன்று எவ்வளவு பெரிய நேரம் அது!

சாயங்காலம் வரை அங்கேயே காத்திருந்தார்கள். எதிர்ச்சுவரில் எலும்புக்கூட்டின் படம் ஒன்று இருந்தது. லிஜா அதைப் பார்க்காமல் இருக்கப் பார்த்தாள். பெயரைக் கூப்பிட்டார்கள். அம்மாதான் போய் வாங்கி வந்தாள். அம்மாவுக்கு அதைப் படிக்கத் தெரியாது. ஆனால் எங்கும் தடித்த கறுப்பு இருக்கிறதா என்று தேடத் தெரியும்.

ஒரே ஓர் இடத்தில் இருந்தது. வைட்டமின் டி. எல்லைக்குக் கீழே.

"கால்சியம் சரி. சுரப்பியும் சரி," என்றார் டாக்டர் அம்மா. "வைட்டமின்தான் ரொம்பக் குறைச்சல். வண்டி படிப்பிக்கும்போது கைக்கு உறை, முகத்துக்குத் துணி, தலைக்கு ஹெல்மெட்... வெயில் எங்க படும்? மாத்திரை எழுதுறேன். தேறிடும்."

"வண்டி ஓட்டலாமா டாக்டர்?"

"கட்டு அவுத்து, கைக்குப் பலம் வந்ததும் ஓட்டு."

வராந்தாவில் அம்மா அவளைக் கட்டிக்கொண்டு அழுதாள். இறுக்கிக் கட்டிக்கொண்டாள், எலும்பு நோகுமே என்ற பயமில்லாமல். லிஜாவும் அழுதாள். பயம் வடிந்துபோன இடம் காலியாகிக் கிடந்தது. அந்தக் காலியிடத்தில் யார் வந்து நிற்பார் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது.

அடுத்த வாரம் சந்தைக்குப் போன அம்மா, ஜித்தினிடம் விவரம் சொல்ல லேப் மாடியேறிவிட்டு, முகம் வாடித் திரும்பினாள்.

"அங்க இப்பம் ஷீனான்னு ஒரு பெண்ணாக்கும் இருக்கு. அந்தப் பையனே மொதலாளிட்ட போய், ரிப்போர்ட்ட ரத்து செய்யணும், தப்பு என்னுதுன்னு சொல்லியிருக்கான். நாம ஒரு பராதியும் குத்தமும் சொல்லாம, அவனே. ரத்தம் எடுக்குத கசேரையில இருந்து எறக்கியாச்சு மக்ளே. ரத்தக் குப்பி உள்ள ஐஸ் பெட்டிய சுமந்து நெய்யாற்றின்கரைக்குக் கொண்டு போறதாக்கும் இப்பம் அவனுக்கு வேல."

லிஜா முற்றத்தில் வெயிலில் போய் நின்றாள். போய்ச் சொல்லவேண்டும்... என்ன சொல்வது? உன்னைத் திட்டியது சரி, ஆனால் முழுத் திட்டும் உனக்குரியது அல்ல என்றா? ஒரு பெண் அதை எந்த வார்த்தையில் சொல்வாள்? வாரங்கள் போயின. கைக்கட்டை அவிழ்த்தார்கள். வாய்க்கட்டு அவிழவில்லை.

*

மறுபடி வண்டியைத் தொட்ட முதல் நாள். பெருங்கடவிளை பஸ் ஸ்டாப்பில் ஒரு நீல ஐஸ் பெட்டியும் அதன் பக்கத்தில் ஜித்தினும்.

அவள் கால் தானாகத் தரையில் ஊன்றியது.

அவன் பார்த்தான். அவள் முகத்தை அல்ல, முதலில் மணிக்கட்டை.

"செரியாச்சா?"

"ஆச்சு."

"ரத்தம்?"

"நல்ல ரத்தமாக்கும். வைட்டமின் மட்டும் கொறவு."

அவன் கண்ணை மூடித் திறந்தான். எத்தனை நாளாகப் பிடித்துவைத்திருந்த மூச்சோ, வெளியே வந்தது.

"இங்க எதுக்கு நிக்கிய?"

"பஸ் வரல்ல. ரோட்டில மரம் விழுந்து கெடக்காம். பஸ் அங்ஙனயே நிக்குது." பெட்டியைத் தொட்டுக் காட்டினான். "இது உச்சைக்கு முன்ன போய்ச் சேரணும். கெட்டுப்போனா எல்லாருக்கும் திரும்பக் குத்தணும்."

"ஸ்கூட்டர் எடம் பாத்து நொழயும். ஏறுங்க."

"இல்ல, நான்..."

"கை முறிஞ்சவ பின்னால இருக்கப் பேடியா?"

"கைக்கு இல்ல. எனக்கு வண்டின்னாலே பேடி. அதனாலதானே படிக்கவே இல்ல."

அவள் சிரித்துவிட்டாள். அந்த மழைக்காலத்தில் அவள் வாய்விட்டுச் சிரித்தது அப்போதுதான். "ஊசி பிடிக்கிறவருக்கா இத்தற பேடி? பெட்டிய மடியில வச்சுக் கெட்டிப் பிடிங்க. பெட்டியத்தான்."

ஏறினான். வண்டி நகர்ந்தது. தூறல் தொடங்கியது. பக்கக் கண்ணாடியில் அவன் கண்கள் தெரிந்தன, மழைத்துளிகளுக்கு நடுவே, பயத்தோடு, பழுப்பாக... அவள் கண்ணாடியைத் திருப்பிவிட்டாள். அந்தக் கண்களைப் பார்த்துக்கொண்டு இதைச் சொல்ல முடியாது. முன்னால் ரோடு மட்டும் இருந்தால் சொல்லலாம்.

ஒரு வளைவு போயிற்று. ஒரு பாலம். விழுந்து கிடந்த அயனி மரத்தின் ஓரமாக, இலைகளை உரசிக்கொண்டு நுழைந்து வெளியே வந்தார்கள். பேசாத அந்தத் தூரம் அவளுக்குத் தைரியம் தந்தது.

"அண்ணைக்கு எதுக்கு மறந்தியன்னு கேட்டேன். நீங்க பதில் சொல்லல்ல."

பின்னால் பெட்டி ஒருமுறை அவள் முதுகில் இடித்தது.

"அம்மை முன்ன எப்பிடிச் சொல்ல?" என்றான் கடைசியில். "ஒங்க கண்ணில வெள்ளம் நிறஞ்சு நிண்ணுது. விழப்போகுது, விழப்போகுதுன்னு பாத்துட்டே இருந்தேன். கையில ஊசி இருக்கு, நாடா கெட்டியிருக்கு... எல்லாம் மறந்துபோச்சு, ஒண்ணும் ஓர்ம இல்ல. இத்தற வருஷத்தில எனக்கு அப்பிடி வந்ததே இல்ல. அதுக்குப் பிறகு நெதமும் நெனப்பேன். எனக்கு இஷ்டப்பட்ட ஒருத்திய, நானே ரெண்டு நாள் சாகாம சாகடிச்சிட்டேனேன்னு..."

சொல்லிவிட்டான். 'இஷ்டப்பட்ட' என்ற சொல் அவள் முதுகில் மழையைவிடக் குளிர்ச்சியாக விழுந்தது. ஹாண்டிலை இறுக்கிப் பிடித்தாள்.

"ஜித்தின்..."

"ம்."

"எனக்கு ஓர்ம இருந்து."

"என்னது?"

"நாடா. கை மரச்சது எனக்குத் தெரியும். ஒங்களுக்கு முன்னயே தெரியும். சொன்னா நீங்க கையப் பாப்பிய. என்னப் பாக்கமாட்டிய... அதனால சொல்லல்ல. பிறகு முழுப் பழியும் ஒங்க தலையில போட்டு விரட்டினேன். கசேரை போனதும் என்னாலதான். நீங்க மறந்துதான் தப்பு செய்தது. நான் தெரிஞ்சு செய்தேன்."

ரோடு நனைந்து மின்னியது. இப்போது திரும்பிப் பார்க்கவும் முடியாது, இறங்கி ஓடவும் முடியாது. அவளே ஓட்டுகிற வண்டி.

பிறகு பெட்டியைப் பிடித்திருந்த கைகளில் ஒன்று மெல்ல வந்து, அவள் இடது தோளில், பட்டும் படாமலும் உட்கார்ந்தது.

"கொஞ்சம் பைய போவலாமா லிஜா?" என்றான். குரல் கரகரத்தது. "நெய்யாற்றின்கரை பெட்டெண்ணு வந்திரும். பெட்டியில ஐஸ் உண்டு. கொஞ்ச நேரம் தாங்கும்."

அவள் கண் நிறைந்தது. மழை நல்லது, யாருக்கும் தெரியாது. அந்தப் பெட்டிக்குள் எத்தனை பேருடைய குப்பிகள் இருக்கின்றன என்று நினைத்தாள். எத்தனை வீடுகளில் இப்போது யாரும் சோறு தின்னாமல் இருக்கிறார்களோ... கட்டிலுக்கும் கதவுக்கும் நடுவே, போனை வெறித்துக்கொண்டு.

"மாட்டேன்," என்றாள். ஆக்ஸிலேட்டரை முறுக்கினாள். "இதில உள்ளவங்க எல்லாம் பேடிச்சு இருப்பாவ. மொதல்ல இதக் குடுப்போம்."

அவன் கை தோளிலிருந்து எழப்போனது.

"எடுக்காண்டாம்," என்றாள் லிஜா. "திரும்பி வரும்போ பைய வரலாம்."